கோட்டுக்குத் தெற்கே ஒரு புறநகர்: பாயிண்ட் ராபர்ட்ஸ் அடைபட்டுக் கிடந்த 19 மாதங்கள்

கனடாவின் வான்கூவரிலிருந்து தெற்கே வந்தால் நகரம் மெல்ல அடங்கி, வயல்வெளி வந்து, அப்புறம் சவாசன் என்ற புறநகர் வருகிறது. அங்கே 56ஆம் தெரு என்று ஒரு நேர்த்தெரு. வீடு, கடை, மரம் என்று எல்லாப் புறநகர்களிலும் இருக்கிற மாதிரிதான். அந்தத் தெருவிலேயே தெற்கே போய்க்கொண்டிருந்தால் ஓரிடத்தில் சோதனைச் சாவடி குறுக்கே வரும். பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுத் தாண்டினால் அதே தெருவுக்கு டயீ டிரைவ் என்று பெயர் மாறிவிடுகிறது. வேகப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வருகிறது. நீங்கள் இப்போது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் மாறவில்லை. அமெரிக்கா முழுக்கப் பெட்ரோலை கேலன் கணக்கில் விற்கிறார்கள்; இந்த ஊர் பங்க்குகளில் லிட்டர் கணக்கு. காரணம் எளிது. பெட்ரோல் போட வருகிறவர்கள் கனடாக்காரர்கள். அவர்களுக்குப் புரிகிற அளவில் விலை எழுதியிருக்கிறார்கள். இந்த ஊர் யாரை நம்பிப் பிழைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

ஊரின் பெயர் பாயிண்ட் ராபர்ட்ஸ். பரப்பு 13 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி 1,191 பேர். மூன்று பக்கம் கடல், நான்காவது பக்கம் கனடா. தங்கள் நாட்டின் மற்ற பகுதிக்குத் தரைவழியாகப் போக வேண்டுமென்றால், கனடாவுக்குள் நுழைந்து, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சுற்றி, பிளெய்ன் நகரத்துச் சாவடி வழியாக மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும். போக இரண்டு சாவடி, வர இரண்டு சாவடி.

2020 மார்ச் 21 அன்று அவசியமில்லாத பயணங்களுக்கு அந்தச் சாவடிகள் மூடப்பட்டன. இரண்டு நாடுகளும் பேசி எடுத்த முடிவு. பெருந்தொற்றுக் காலத்தில் அப்படிச் செய்ததை நான் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் நியாயமான இரண்டு அரசாங்கங்கள் நியாயமான ஒரு விதியைப் போட்டு, ஒரு சின்ன ஊரை எப்படி மூச்சுத் திணறவைத்தன என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லையோரத்தில் வாழ்வது என்றால் என்ன என்பது அப்போதுதான் விளங்கும்.

கோடு போட்டவர்கள் கவனிக்காத முனை

1846இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஓரிகான் ஒப்பந்தம் போட்டன. 49ஆவது அட்சரேகைதான் எல்லை, கடற்கால்வாயின் நடுப்பகுதி வரை அப்படியே நேராகப் போகலாம் என்று முடிவானது. சவாசன் தீபகற்பத்தின் வால் அந்தக் கோட்டுக்குக் கீழே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வால்தான் பாயிண்ட் ராபர்ட்ஸ். அளவையாளர்கள் பிறகு வந்து நட்ட எல்லைக் கற்களில் முதல் எண் கொண்ட கல் இந்த ஊரின் மேற்குக் கரையில்தான் நிற்கிறது.

ஊரின் முதல் காலம் மீனை நம்பி ஓடியது. 1890களில் ஐஸ்லாந்துக் குடும்பங்கள் வந்து குடியேறின. சால்மன் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் இருந்தன. மீன் பொறிகளை வாஷிங்டன் மாநிலம் 1934இல் தடை செய்ததும் அந்தக் காலம் முடிந்தது. அடுத்த காலத்தைத் திறந்துவிட்டது ஒரு சுரங்கப்பாதை. 1959இல் ஃபிரேசர் ஆற்றுக்கு அடியில் மாஸ்ஸி சுரங்கம் திறந்ததும், வான்கூவர்க்காரர்களுக்கு இந்தக் கடற்கரை சட்டென்று காரில் வந்துபோகிற தூரமாகிவிட்டது. கோடை வீடுகள் கட்டினார்கள். இன்றும் ஊரிலுள்ள வீடு, மனைகளில் பெரும்பகுதி கனடாக்காரர்களுடையவை.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஞாயிற்றுக்கிழமை மதுக்கூடங்கள் மூடியிருந்த காலத்தில் இந்த ஊர் மதுக்கூடங்கள் ஞாயிறுதோறும் நிரம்பி வழிந்தன. 1980களில் அங்கே சட்டம் தளர்ந்ததும் கூட்டம் கலைந்தது. பெட்ரோலும் பார்சலும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அமெரிக்கக் கடைகளில் ஆன்லைனில் வாங்கும் கனடாக்காரர்கள், பொருளை இந்த ஊர் பார்சல் கடை முகவரிக்கு வரவழைத்து, காரில் வந்து எடுத்துப் போவார்கள். அஞ்சல் செலவு மிச்சம். ஒரு தெருவில் இத்தனை பார்சல் கடைகள் ஏன் என்று புதிதாக வருகிறவர்கள் திகைக்கிறார்கள்.

இந்த வரலாற்றில் ஒரே கணக்குதான் திரும்பத் திரும்ப வருகிறது. கோட்டின் இரண்டு பக்கமும் சட்டத்திலோ விலையிலோ வித்தியாசம் இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டுவது எளிதாகவும் இருக்க வேண்டும். வித்தியாசம் போனால் மதுக்கூடத்துக்கு நேர்ந்ததுதான். தாண்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2020 வரை யாரும் பார்த்ததில்லை.

தண்ணீர்க் கதையையும் சொல்லியாக வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஊர்க் கிணறுகள் போதவில்லை. புது வீடுகள் கட்ட முடியாத நிலை. சிக்கல் இரண்டு நாடுகளின் கூட்டு ஆணையத்துக்குப் போனது. 1973இல் அது அமர்த்திய குழு ஒரு தீர்வு சொன்னது: இந்த முனையையும் சுற்றியுள்ள கடல்பரப்பையும் சேர்த்து மாபெரும் பன்னாட்டுப் பூங்காவாக்கலாம். வரைபடத்தில் அழகாக இருந்திருக்கும். ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள், திட்டம் கைவிடப்பட்டது. கடைசியில் பிரச்சினையைத் தீர்த்தது வான்கூவர் பெருநகரக் குடிநீர் வாரியத்தோடு போட்ட ஒரு சாதாரண ஒப்பந்தம். 1987இல் கையெழுத்தான அதன்படி ஊரின் குழாய்த் தண்ணீர் கனடாவிலிருந்து வருகிறது. மின்சாரமும் அந்தப் பக்கத்துக் கம்பி வழியாகத்தான்.

மார்ச் 2020இல் கோட்டைத் தாண்டித் தண்ணீர் வந்துகொண்டேதான் இருந்தது. மின்சாரமும் நிற்கவில்லை. மனிதர்கள் மட்டும் நின்றார்கள்.

ஒரு நாளில் நான்கு சாவடி

மூடலுக்கு முன்னால் ஊரின் சாதாரண நாள் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இழப்பு புரியும்.

உள்ளூர்ப் பள்ளியில் சின்ன வகுப்புகள் மட்டுமே உண்டு. அதற்கு மேல் படிக்கிற பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் பிளெய்னுக்குப் போகிறார்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று தினமும் நான்கு முறை எல்லை தாண்டுகிறது. பெரியவர்களே சாவடியில் கொஞ்சம் பதறுவோம். அந்தப் பிள்ளைகளுக்கு அது தெருமுனை சிக்னல் மாதிரி.

ஊரில் ஒரே ஒரு பெரிய மளிகைக் கடை. மருத்துவமனை இல்லை. மிக அருகிலுள்ள மருத்துவமனை கனடாவில் இருக்கிறது, ஆனால் அமெரிக்கக் காப்பீடு பெரும்பாலும் கோட்டைத் தாண்டி உதவாது. எனவே சிகிச்சைக்கும் சுற்றிக்கொண்டு பிளெய்னைத் தாண்டி, வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகரத்துக்குப் போக வேண்டியதுதான். சனிக்கிழமை மகனின் விளையாட்டு, ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுச் சாப்பாடு, பல் மருத்துவர், தச்சர் என்று எதை எடுத்தாலும் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். கல்யாணங்களும் அப்படித்தான். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் ஊரில் ஏராளம்.

இப்படி வாழ்கிறவர்கள் சின்னச் சின்ன விதிகளைக் கைவிரல் நுனியில் வைத்திருக்க வேண்டும். எந்தப் பழத்தைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது; காரில் நாய் இருந்தால் அதன் தடுப்பூசிச் சான்று எங்கே; துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டோமா. கஞ்சா இன்னும் விசித்திரம். வாஷிங்டன் மாநிலத்தில் 2012 வாக்கெடுப்பிலிருந்து அனுமதி உண்டு, கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து அனுமதி உண்டு. ஆனால் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோனால் குற்றம். இரண்டு வீட்டிலும் தப்பில்லை, வாசல்படியில் மட்டும் தப்பு.

ஆவணக் கெடுபிடி எப்போதும் இவ்வளவு இருந்ததில்லை. 2008 தொடக்கம் வரை வாய்மொழியாக "அமெரிக்கன்" என்று சொல்லியே பலர் தாண்டினார்கள். 2009 ஜூன் முதல்தான் பாஸ்போர்ட்டோ அதற்கு ஈடான அட்டையோ கட்டாயமானது. அதற்கும் ஊர் பழகிக்கொண்டது. முன்கூட்டிச் சோதிக்கப்பட்டவர்களுக்கான நெக்சஸ் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு தனி வரிசையில் போய்வந்தார்கள்.

மூடல்

மார்ச் 21க்குப் பிறகு ஊர்க்காரர்கள் முழுமையாகச் சிறைப்படவில்லை. வேலை, மருத்துவம் போன்ற கட்டாயக் காரணம் இருந்தால் கனடா வழியாகக் கடந்து போகலாம். வழியில் நிற்கக் கூடாது. ஆனால் எது கட்டாயம் என்பதைச் சாவடியில் நிற்கும் அதிகாரி அந்த நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டும். நேற்று விட்டவர் இருக்கிறார், இன்று வேறொருவர் இருக்கிறார். திருப்பி அனுப்பிவிடுவார்களோ, பதினான்கு நாள் தனிமை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் போகாமலே இருந்துவிட்டவர்களின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

எதிர்த் திசை இன்னும் மோசம். கட்டாயக் காரணம் இல்லாத கனடாக்காரர்களுக்குத் தரைவழி அமெரிக்கா அடைபட்டது. கோடை வீட்டுக்காரர்கள் தங்கள் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க முடியவில்லை. படகுத் துறையில் கட்டிப்போட்ட படகுகள் கட்டிப்போட்டபடியே கிடந்தன. இதே காலத்தில் கனடாக்காரர் ஒருவர் விமானத்தில் அமெரிக்கா போகத் தடையில்லை! சவாசனில் குடியிருப்பவருக்குக் கோட்டுக்கு அந்தப் புறம், நடந்து போகிற தூரத்தில், கோடை வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் விமானம் ஏறி சியாட்டில் போய் இறங்கலாம். தெருவைத் தாண்டித் தன் தோட்டத்துக்குப் போக முடியாது.

ரூஸ்வெல்ட் வே என்ற சாலை எல்லையை ஒட்டியே ஓடுகிறது. அதன் ஒரு பக்கம் அமெரிக்க வீடுகள், இன்னொரு பக்கம் கனடா வீடுகளின் பின்தோட்டங்கள். நடுவில் பெரிய சுவர் எதுவும் இல்லை. ஒருவர் புல் வெட்டும் சத்தம் இன்னொருவருக்குக் கேட்கும். குரல் போகிற இடத்துக்கு ஆள் போகக் கூடாது என்று ஒன்றரை வருடம் இருந்தது.

2020 ஆகஸ்டில் பெல்லிங்ஹாம் துறைமுக நிர்வாகத்தின் ஏற்பாட்டில் ஒரு அவசரப் படகு ஓடத் தொடங்கியது. சாலையில் அன்றாடம் போய்வந்த மக்கள், மூடல் வந்து ஐந்து மாதம் கழித்து, கடல்வழியாகத் தங்கள் நாட்டுக்குப் போனார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் படகு ஆட்களை ஏற்றிப்போகும், வாடிக்கையாளர்களைக் கொண்டுவராது. பெட்ரோல் பங்க்கும் பார்சல் கடையும் வெறிச்சோடியே இருந்தன.

2021 ஜூலையில் மளிகைக் கடையை மூட வேண்டிவரும் என்ற செய்தி வந்தது. ஆளுநர் ஜே இன்ஸ்லீ மாநில நிதியிலிருந்து 1,00,000 டாலர் கொடுத்து அதைத் திறந்து வைக்க உதவினார். ஒரு மளிகைக் கடைக்கு ஆளுநர் நேரடியாகப் பணம் தருவது கேட்க விசித்திரமாக இருக்கலாம். அந்தக் கடை போனால் அடுத்த அமெரிக்க மளிகைக் கடைக்கு இரண்டு எல்லை தாண்ட வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் விசித்திரமாகத் தெரியாது.

தடுப்பூசி போட்ட அமெரிக்கர்களுக்கு கனடா 2021 ஆகஸ்ட் 9 அன்று கதவைத் திறந்தது. அமெரிக்கா தன் தரைவழியைத் திறந்தது நவம்பர் 8இல். இடையில் மூன்று மாதம் ஊர்க்காரர்கள் வெளியே போகலாம், ஊருக்குச் சோறு போடுகிறவர்கள் உள்ளே வர முடியாது. இன்னொரு கோடையின் வியாபாரமும் அப்படியே போனது. நவம்பருக்குப் பிறகும் சோதனைச் சான்று, கைபேசிச் செயலியில் பதிவு என்று ஒவ்வொன்றாக நீங்க மாதங்கள் ஆயின. வெளிநாட்டவருக்கான தடுப்பூசி நிபந்தனையை அமெரிக்கா 2023 மேயில்தான் எடுத்தது.

எங்கே தவறியது

இரண்டு அரசாங்கங்களும் சாவடியில் கேட்ட கேள்வி: "எதற்காகப் பயணம்?" பயணிகளிடம் கேட்க வேண்டிய சரியான கேள்வி அது. ஆனால் எல்லையோரப் புறநகரில் வாழ்கிறவர் பயணி இல்லை. அவரிடம் கேட்க வேண்டியது "எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்பதுதான். பள்ளிக்குப் போகிற பிள்ளையும் பால் வாங்கப் போகிற ஆளும் பயணம் போகவில்லை. அவர்கள் தங்கள் ஊருக்குள்ளேயே நடமாடுகிறார்கள். அந்த ஊரின் நடுவில் ஒரு கோடு ஓடுகிறது, அவ்வளவுதான்.

இது பின்னாளில் எனக்குத் தோன்றிய யோசனை அல்ல. கனடா அரசே அந்தக் கேள்வியைக் கேட்டது. 2020 அக்டோபர் கடைசியில், எல்லையின் இரு பக்கமும் பின்னிப் பிணைந்த ஊர்கள் என்று சில இடங்களுக்கு விலக்கு அளித்தது. நியூ பிரன்ஸ்விக்கின் கேம்போபெல்லோ தீவு, பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்டூவர்ட், அலாஸ்காவின் ஹைடர், மினசோட்டாவின் நார்த்வெஸ்ட் ஆங்கிள். இந்த நான்கு இடத்து மக்கள் உணவுக்கும் மருத்துவத்துக்கும் பக்கத்து ஊருக்குப் போய்வரலாம், பதினான்கு நாள் தனிமை வேண்டாம்.

பாயிண்ட் ராபர்ட்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

என் வாசிப்பு இதுதான். ஹைடரில் கடைகண்ணி என்று சொல்ல அதிகமில்லை; பக்கத்து ஸ்டூவர்ட்தான் எல்லாம். அங்கே புழங்குவதே கனடா டாலர். கேம்போபெல்லோவுக்கு ஆண்டு முழுதும் இருக்கிற ஒரே தரைவழி, அமெரிக்காவின் மெய்னுக்குப் போகிற பாலம். எனவே "அத்தியாவசியம்" என்ற அளவுகோலில் அவர்கள் தெளிவாகத் தேறினார்கள். பாயிண்ட் ராபர்ட்ஸில் மளிகைக் கடை இருந்தது. காகிதத்தில் பார்த்தால் சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் அந்தக் கடை 1,191 பேருக்காகக் கட்டிய கடை அல்ல. கோடையில் வந்து நிரம்புகிற ஆயிரக்கணக்கான கனடாக்காரர்களை நம்பி நிற்கிற கடை. ஊருக்கு விலக்கு தேவையில்லை என்று காட்டிய அதே கடையை, விலக்கு இல்லாத நிலையே அரித்துக்கொண்டிருந்தது. ஒரு ஊரிடம் இன்று என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்து, அது எதன்மேல் நிற்கிறது என்று பார்க்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

எண்ணிக்கையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1,191 பேருக்குத் தனி நகராட்சிகூட இல்லை. மாவட்டம் மாதிரியான வாட்கம் கவுண்டியின் கீழ் வருகிறார்கள். எல்லை விதி போடுவது வாஷிங்டன் டிசியும் ஒட்டாவாவும். நடுவில் மாநிலம், மாகாணம், கவுண்டி என்று எத்தனை படி. ஊரின் குரல் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தேய்ந்துதான் மேலே போகும்.

ஒப்பிட இன்னொரு ஊர் இருக்கிறது. நெதர்லாந்து எல்லைக்குள் பெல்ஜியத்தின் துண்டுகள் சிதறிக்கிடக்கிற பார்லே. 2020 மார்ச்சில் பெல்ஜியம் கடைகளை மூடச் சொன்னது, நெதர்லாந்து சொல்லவில்லை. எல்லைக் கோடு ஊடே போகிற ஒரு துணிக்கடையில் பெல்ஜியப் பாதியை மட்டும் நாடா கட்டி அடைத்துவிட்டு டச்சுப் பாதியில் வியாபாரம் நடந்தது. பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. நான் பாராட்டத்தான் செய்வேன். விதி முரண்பட்டபோது அந்த ஊர் கடைக்குள் ஒரு நாடாவைக் கட்டியது, தெருவை மூடவில்லை. அங்கே இரண்டு நகராட்சிகளும் சேர்ந்து உட்கார்ந்து பேசப் பல வருடங்களாகவே பொது அமைப்பு உண்டு. நெருக்கடி வந்த பிறகு தொலைபேசி எண் தேட வேண்டியிருக்கவில்லை.

இனி என்ன செய்யலாம்

முதலில், எல்லையை மூடும் எந்த உத்தரவிலும் இத்தகைய ஊர்களின் பெயர்கள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். மூடிய பிறகு ஏழு மாதம் கழித்துப் பட்டியல் போடுவதும், அதில் ஒரு ஊர் விடுபடுவதும் கூடாது. குடியிருப்புச் சான்று ஒன்று போதும். காரணம் கேட்க வேண்டியதில்லை. சாவடி அதிகாரிக்கும் அது நிம்மதி. ஒரு அம்மாவின் பல்வலி கட்டாயமா இல்லையா என்று அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியிராது.

விலக்கு இரண்டு திசையிலும் வேண்டும். ஊர்க்காரர் வெளியே போவது பாதிதான். அங்கே வீடு வைத்திருக்கிற, வரி கட்டுகிற கனடாக்காரர் உள்ளே வருவதும் ஊரின் வாழ்க்கைதான். மளிகைக் கடையை ஆபத்து வந்த பிறகு காப்பாற்றாமல், குடிநீரைப் போலவே அடிப்படை வசதியாகக் கணக்கில் வைக்கலாம். தண்ணீருக்கு 1987இல் ஒப்பந்தம் போட முடிந்தவர்களுக்கு இது முடியாத காரியம் அல்ல.

இவை எல்லாமே மூடிய சாவடிக்கான மருந்து. 2025இல் வந்தது வேறு நோய். அமெரிக்கா விதித்த சுங்க வரிகளும், கனடாவை 51ஆவது மாநிலமாக்குவோம் என்ற பேச்சும் கனடாக்காரர்களைப் புண்படுத்தின. பலர் அமெரிக்கா போவதையே நிறுத்திக்கொண்டார்கள். பாயிண்ட் ராபர்ட்ஸ் கடைக்காரர்கள் மறுபடி அதே வெறுமையைப் பார்த்தார்கள். இந்த முறை சாவடி திறந்துதான் இருந்தது. வரிசையில் கார் இல்லை.